நாற்பத்து மூன்று கிலோமீட்டர்

மார்ச் 14, வெள்ளி

கார் வந்துவிட்டது. சாவியோடு சேர்த்து ஒரு டைரியும் கொடுத்தார்கள். ஓடிய கிலோமீட்டர், பெட்ரோல் போட்ட தேதி, வண்டியில் உள்ள குறை எல்லாவற்றையும் இதில் குறித்து வர வேண்டுமாம். முப்பத்து நாலு வருஷம் சர்வேயராக வேலை பார்த்தவன் கையில் வெற்றுத் தாளைக் கொடுத்தால் சும்மா இருக்குமா? குறிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஷோரூம் ஆள்தான் ஓட்டி வந்தான். வழியில் கோவிலில் நிறுத்தி, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினான். வீட்டு வாசலில் வந்ததும் இறங்கி, கேட்டைப் பார்த்தான், காரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அளந்து வாங்கலியா சார்?" என்றான்.

என்னிடம் கேட்கிறான். பாளையங்கோட்டை தாலுகாவில் பாதி நிலத்தை அளந்தவனிடம்.

அளந்தேன். கேட் ஆறடி இரண்டு அங்குலம். கார் ஐந்தடி எட்டு அங்குலம் என்று கம்பெனிக் காகிதத்தில் போட்டிருந்தது. அந்த அளவில் இரண்டு பக்கக் கண்ணாடியும் சேராது என்பதை ஒரு பயலும் எனக்குச் சொல்லவில்லை. கண்ணாடியை மடக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்பக்கமாகவே உள்ளே விட்டான். இப்போது வலது பக்கம் காம்பவுண்டுச் சுவருக்கும் வண்டிக்கும் ஒரு சாண். இடது பக்கம் பின்கதவு மாடிப்படியில் இடிக்கிறது. இடது முன்கதவு மட்டும் ஒரு முழம் திறக்கும். அதன் வழியாக நுழைந்து, கியரைத் தாண்டி நகர்ந்து, டிரைவர் சீட்டுக்குப் போக வேண்டும். "பழகிரும் சார்" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

கார் வாங்கியதே என் மனைவி உலகம்மாளுக்காகத்தான். மார்ச் 3-ஆம் தேதி வலது முட்டி மாற்று ஆபரேஷன். ஏப்ரல் 16-ஆம் தேதி டாக்டர் பார்ப்பதற்குள் முட்டி தொண்ணூறு டிகிரி மடங்கியாக வேண்டும். அதற்கு வாரம் மூன்று நாள் ஐகிரவுண்டு பக்கம் உள்ள பிசியோதெரபிக்குப் போக வேண்டும். நேற்று ஆட்டோவில் கூட்டிப் போனேன். மடங்காத காலை உள்ளே வைக்க இடமில்லை. வெளியே நீட்டியபடி போனோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள். காரின் பின்சீட்டில் என்றால் காலை நீட்டி உட்காரலாம். தெருவில் நிறுத்தினால் நாலு கதவும் தாராளமாகத் திறக்கும். வண்டியை ரிவர்ஸ் எடுத்துத் தெருவுக்குக் கொண்டுவர வேண்டியதுதான் பாக்கி.

கி.மீ. 43. முட்டி 62 டிகிரி. (என் பழைய பாகைமானியால் அளந்தது. பிழை இரண்டு டிகிரிக்கு மேல் இருக்காது.)

மார்ச் 16, ஞாயிறு

வண்டி எடுக்க முயன்றேன். சரிவரவில்லை. உலகுவின் வாக்கரில் ஒரு கால் வளைந்துவிட்டது.

கி.மீ. 43.

மார்ச் 17, திங்கள்

வாக்கரை சைக்கிளில் கட்டி வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அலுமினியம். இப்போதெல்லாம் எதிலும் தரமில்லை.

"என்ன சார், லாரி ஏறிட்டா?" என்று கேட்டான் பட்டறைக்காரன்.

"படியில விழுந்துட்டு."

"படியில விழுந்தா இப்படி வளையாதே."

வெல்டிங் வைக்கச் சொன்னால் வைக்க வேண்டியதுதானே. துப்பறிகிற வேலை இவனுக்கு எதற்கு?

மாலை பூனாவிலிருந்து மகள் செண்பகம் பேசினாள். உலகு ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "வாக்கர் படியில விழுந்து வளைஞ்சிட்டுடீ. எனக்கு ஒண்ணுமில்ல. அப்பாவா? நல்லாத்தான் ஓட்டுதாவ." இதைச் சொல்லும்போது அவள் என் பக்கம் திரும்பவில்லை. அப்படிச் சொல்லும்படி நான் அவளிடம் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

மார்ச் 19, புதன்

புது வண்டிக்குள் பிளாஸ்டிக் நெடி. ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. இதில் ஒரு நோயாளியை எப்படி உட்கார வைப்பது? ஒரு கிண்ணம் அடுப்புக்கரியை சீட்டுக்கு அடியில் வைத்து, கண்ணாடிகளை இரண்டு விரல்கடை இறக்கிவிட்டேன். இரண்டு நாளில் நெடி போய்விடுமாம். சீட்டின் பாலித்தீன் உறையையும் கழற்றிவிட்டேன். வெயிலில் அதுதான் அதிகம் நாறுகிறது.

பிசியோதெரபிக்குப் போகவில்லை. முட்டி 61.

மார்ச் 21, வெள்ளி

நெடி குறைந்துவிட்டது. ஆனால் சாவி போட்டதும் வண்டி கத்துகிறது. பக்கத்து சீட்டில் இந்த டைரியையும் தண்ணீர்க்குடத்தையும் வைத்திருந்தேன். ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, பெல்ட் போடு, பெல்ட் போடு என்று ஒரே கூச்சல். கத்திக்கொண்டே இருந்தால் மனுஷனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. முருகன்குறிச்சியில் ஒரு கடையில் அதற்கென்றே ஒரு கொக்கி விற்கிறான். பெல்ட் மாட்டுகிற ஓட்டையில் அதைச் செருகினால் வாயை மூடிக்கொள்ளும். செருகிவிட்டேன். நிம்மதி.

இன்றும் போகவில்லை.

மார்ச் 24, திங்கள்

பானெட்டைத் திறந்தால் எஞ்சின் மேல் எலிப்புழுக்கை! வயரைக் கடித்திருந்தால் என்ன ஆவது? புகையிலையைத் துணியில் பொட்டலம் கட்டி நாலு மூலையிலும் தொங்கவிட்டேன். அடியில் கம்பி வலை அடிக்க அளவெடுத்தேன்.

எதிர்வீட்டு எஸ்தர் டீச்சர் பள்ளிக்கூடத்துக்குக் காரை எடுத்தவர் நின்று பார்த்தார். ஒரே வீச்சில் ரிவர்ஸ் எடுத்து, ஒரே வளைவில் தெருவில் நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி, வண்டிய தினமும் ஓட்டினா எலி வராது" என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்காமலேயே யோசனை சொல்கிறவர்களுக்கு இந்தத் தெருவில் பஞ்சமில்லை.

மார்ச் 26, புதன்

பிசியோதெரபி பார்க்கும் பெனாசிர் வீட்டுக்கே வந்துவிட்டாள். சின்னப் பெண்தான், ஆனால் கோபம் மூக்குக்கு மேல் நிற்கிறது.

"அம்மா, ஆறு நாள் வந்திருக்கணும். நீங்க ஒரே நாள் வந்திருக்கீங்க. ஏன் வரல?"

"வண்டில எலி" என்றாள் உலகு.

பெனாசிர் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் கொக்கியைப் பார்த்தேன். துருப்பிடித்திருக்கிறது, எண்ணெய் விட வேண்டும்.

முட்டியை மடக்கிப் பார்த்தாள். உலகு கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு "யம்மா" என்றாள். 58. ஏற வேண்டியது இறங்கியிருக்கிறது. கருவி எல்லாம் அங்கேதான் இருக்கிறதாம், வீட்டில் வைத்து ஒன்றும் நடக்காதாம். "பதினாறாம் தேதிக்குள்ள தொண்ணூறு வரலைன்னா, மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டு போயி, மயக்கம் குடுத்து, டாக்டர் கையாலயே அழுத்தி மடக்குவாங்க. பரவாயில்லையா?"

அவள் போன பிறகு உலகு போர்வையை இழுத்து முட்டியை மூடிக்கொண்டாள். ஆபரேஷனுக்கு முன்பே அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இந்தத் தியேட்டருக்குள் இன்னொரு தடவை என்னை அனுப்பிவிடாதீர்கள். நானும் சரி என்றிருந்தேன்.

மார்ச் 29, சனி

பேட்டரி செத்துவிட்டது. எலி தேடும்போது உள்விளக்கைப் போட்டுவிட்டு அணைக்கவில்லை. ஷோரூமிலிருந்து ஒருவன் வந்து வேறு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து உயிர் வரவழைத்தான். மீட்டரைப் பார்த்துவிட்டு, "என்ன சார், பதினஞ்சு நாளா நாப்பத்து மூணுலயே நிக்கி?" என்றான். தினமும் கால் மணி நேரமாவது எஞ்சினை ஓடவிட வேண்டுமாம்.

அதன்படி ஓடவிடுகிறேன். ஒரு முழக் கதவில் நுழைந்து, கியரைத் தாண்டி உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, இரண்டு காலையும் மேலே தூக்கி வைத்துக்கொள்கிறேன். எதையும் மிதித்துவிடக் கூடாது. வலது பக்கம் சுவர், எதிரே சுவர். உலகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். நான் கண்ணாடிக்குள்ளிருந்து அவளைப் பார்க்கிறேன். கால் மணி நேரம் ஆனதும் அணைத்துவிட்டு வருகிறேன். காபி தருகிறாள். எங்கே போய்விட்டு வந்தீர்கள் என்று மட்டும் கேட்பதில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

சரி, கௌரவம் பார்த்தது போதும் என்று ஆக்டிங் டிரைவர் ஒருவரை வரச் சொன்னேன். காலை ஒன்பதுக்கு வந்தார். ஆள் ஆறடி, நல்ல தடி. ஒரு முழக் கதவில் முதலில் தோளை விட்டுப் பார்த்தார், பிறகு காலை விட்டுப் பார்த்தார், பிறகு மூச்சை இழுத்து வயிற்றை ஒடுக்கிப் பார்த்தார். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்ததுதான் மிச்சம். "நீங்க ரிவர்ஸ் எடுத்து ரோட்டுல விடுங்க சார், மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

முட்டி 57.

ஏப்ரல் 3, வியாழன்

டாக்ஸி. போகும்போது ஒழுங்காகப் போனான். திரும்பும்போது தெருமுனையில் நிறுத்தி, சின்னத் தெரு, உள்ளே வந்தால் திருப்ப முடியாது என்று இறக்கிவிட்டுப் போய்விட்டான். தெருமுனையிலிருந்து எங்கள் வாசல் எண்பத்து நாலு மீட்டர். நான் அளந்ததுதான். உச்சிவெயிலில் வாக்கரை ஊன்றி ஊன்றி நடந்தாள். பாதி வழியில் நின்று, "இன்னும் எத்தன மீட்டருங்க?" என்றாள். கிண்டலாகக் கேட்டாளா, நிஜமாகக் கேட்டாளா, தெரியவில்லை. முப்பத்தொன்பது என்றேன்.

இரவுக்குள் முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. இனி டாக்ஸி வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

ஏப்ரல் 5, சனி

கம்பி வலை அடித்து முடித்தேன். கண்ணாடி துடைக்கும் தண்ணீர் தொட்டியை நிரப்பினேன். பீய்ச்சுகிற துளை அடைத்திருந்தது, குண்டூசியால் குத்திச் சரிசெய்தேன். நாலு டயருக்கும் கைப்பம்பில் காற்று அடித்தேன். இந்த வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாதது இனி ஒன்றுமில்லை.

கி.மீ. 43.

ஏப்ரல் 9, புதன்

முட்டி 56. இன்னும் ஏழே நாள்.

சர்வே புத்தகத்தில் பொய் அளவு எழுதுகிறவனை எனக்குப் பிடிக்காது. இரண்டு பேரை அதற்காக மெமோ கொடுத்து அழவிட்டிருக்கிறேன். மார்ச் 16-ஆம் தேதி நான் எழுதியது பொய் இல்லை, ஆனால் நிஜமும் இல்லை. இப்போது எழுதுகிறேன்.

அன்று காலை உலகு வாக்கரோடு கேட்டுக்கு வெளியே போய், வண்டிக்கு நேர் பின்னால் நின்றாள். நான்தான் நிற்கச் சொன்னேன். "வாங்க, வாங்க, வரலாம்" என்று கையாட்டினாள். ரிவர்ஸ் போட்டேன். உடனே பின்னாலிருக்கிற சென்சார் கத்த ஆரம்பித்தது. கத்தக் கத்த எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. பிரேக் என்று நினைத்து மிதித்தேன். அது ஆக்சிலேட்டர். வண்டி பாய்ந்தது. கண்ணாடியில் உலகு தெரிந்தாள், அப்புறம் தெரியவில்லை.

எஞ்சின் தானாக அணைந்து வண்டி நின்றது. நான் நிறுத்தவில்லை. பதறியதில் கிளட்சிலிருந்து கால் நழுவியதால் நின்றது. கியரைத் தாண்டி, கதவிடுக்கில் உரசி, பின்னால் ஓடினேன். வாக்கரின் ஒரு கால் சக்கரத்துக்கு அடியில் இருந்தது. உலகு கேட் கம்பியைக் கட்டிப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வண்டிக்கும் நடுவில் என் கை அகலம்கூட இல்லை. ஒரு சத்தமும் போடவில்லை. ஷோரூம் ஆளைக் கூப்பிட்டேன், அவன் வந்து வண்டியை மறுபடி உள்ளே விட்டான். அவனிடமும் வாக்கர் படியில் விழுந்து வளைந்தது என்றுதான் சொன்னேன்.

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் வாத்தியார் பக்கத்திலும் ஒரு பிரேக் இருந்தது. ஒரு மாதம் ஓட்டினேன். என்னைக் காப்பாற்றியதெல்லாம் அவர் காலா, என் காலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. எலிக்குப் பயமில்லை, நெடிக்குப் பயமில்லை. முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளை நானே நசுக்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அந்தப் பயத்தில் இருபத்து நாலு நாளாக அவளை வீட்டுக்குள் அடைத்து வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் உலகு இந்த டைரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அத எதுக்கு எடுத்த?"

"வேற என்ன இருக்கு படிக்க? பஞ்சாங்கமும் முடிஞ்சிட்டு." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "எஞ்சின் அணைஞ்ச சத்தம் எனக்கும் கேட்டுச்சுல்லா. நீங்க பிரேக் போடலன்னு அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா செண்பகத்துட்ட நல்லா ஓட்டுதாவன்னு சொன்ன?"

"பின்ன என்ன சொல்ல? உங்க அப்பா என் மேல வண்டிய ஏத்தப் பாத்தாவன்னு சொல்லச் சொல்லுதீயளா?" அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அழுதேன் என்றுதான் எழுத வேண்டும். அவள் அழட்டும் என்று விட்டுவிட்டாள்.

பிறகு கேட்டாள். "உங்களுக்கு என்ன பயம்? நான் வண்டிக்குப் பின்னால நிக்கதுதானே?"

"ஆமா."

"அப்ப நான் வண்டிக்குள்ள இருந்தா? உள்ள இருக்கவ மேல வண்டிய எப்படி ஏத்துவீய?"

"உள்ள எப்படி வருவ? ஒரு முழக் கதவுல உன் கால் நுழையுமா? பின்கதவு படியில இடிக்கி."

"டிக்கி எங்க இடிக்கி?"

நான் எழுந்துபோய்ப் பார்த்தேன். டிக்கி எதிலும் இடிக்கவில்லை. டிக்கி கேட்டைப் பார்த்து, தெருவைப் பார்த்துத் திறக்கிறது. பின்சீட்டின் முதுகை மடக்கிவிட்டால் உள்ளே நாலரை அடி நீளம். டேப் வைத்து மூன்று தடவை அளந்தேன். டிக்கியின் விளிம்பு தரையிலிருந்து இரண்டேகால் அடி, எங்கள் கட்டில் உயரத்துக்குக் கொஞ்சம் கூட. காலை மடக்காமலே உட்கார்ந்து பின்னால் நகரலாம். வலை அடிக்கவும் புகையிலை கட்டவும் இந்த வண்டியைச் சுற்றி நூறு தடவை நடந்திருக்கிறேன். இது என் கண்ணில் படவே இல்லை.

"சர்வேயராம்" என்றாள் உலகு.

ஏப்ரல் 11, வெள்ளி

சீட்டை மடக்கி மெத்தை விரித்து இரண்டு தலையணை போட்டேன். உலகு டிக்கி விளிம்பில் உட்கார்ந்து, கைகளை ஊன்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்தாள். கால் நீட்டியபடி, தெருவைப் பார்த்தபடி, முன்சீட்டு முதுகில் சாய்ந்துகொண்டாள். டிக்கியை மூடினேன். சுற்றி வந்து என் முழக் கதவில் நுழைந்தேன்.

"பின்னால யாருமில்ல. வாறுகால் ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு பூனை இருக்கு. அதும் ஓடிட்டு. வாங்க."

சென்சார் கத்தியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன்.

"அது கெடக்கு, கத்தட்டும். என் சத்தத்த மட்டும் கேளுங்க. வாங்க. வாங்க. இன்னும் ரெண்டடி. நில்லுங்க."

மிதித்தேன். இந்தத் தடவை பிரேக். வண்டி நின்றது. நான் நிறுத்தினேன், தானாக நிற்கவில்லை. எஸ்தர் டீச்சர் வாசல்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். டிக்கி கண்ணாடி வழியாக உலகு அவருக்குக் கையாட்டியிருக்கிறாள்.

முதல் கியரிலும் இரண்டாவதிலும்தான் போனேன். பின்னால் ஒரு மினி பஸ் வந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அந்த டிரைவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவள் உலகுதான். "அவன் கெடக்கான், நீங்க மெல்லப் போங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பெனாசிர் வெளியே வந்து டிக்கியைத் திறந்தவள், தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கி.மீ. 51.

ஏப்ரல் 16, புதன்

நாலு தடவை போய்வந்துவிட்டோம். முட்டி 66. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். உலகு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பெனாசிர் எழுதிக் கொடுத்த குறிப்பை இரண்டாம் தடவை படித்துவிட்டு, "அஞ்சு நாள்ல பத்து டிகிரி ஏறியிருக்கு. இன்னும் ரெண்டு வாரம் பாப்போம். அதுக்கு மேல கிடையாது" என்றார்.

கி.மீ. 83.

ஏப்ரல் 23, புதன்

79. பெனாசிர் முட்டியை மடக்கும்போது உலகு போடுகிற சத்தம் வாசல்வரை கேட்கிறது. நான் வண்டிக்குள் போய் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறேன். அப்படியும் கேட்கிறது.

வண்டியின் வலது பக்கம் சுவரில் உரசி ஒரு கோடு விழுந்துவிட்டது. நீளம் முப்பத்தோரு சென்டிமீட்டர். அதை மறைக்க ஒட்டுத்தாள் வாங்கலாமா என்று கேட்டேன். "கெடக்கட்டும்" என்றாள்.

ஏப்ரல் 30, புதன்

டாக்டர் அவருடைய கருவியை வைத்து அளந்தார். 91. தியேட்டர் வேண்டாம் என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. பையிலிருந்து பாகைமானியை எடுத்து நானும் அளந்தேன். 91தான். டாக்டர் சிரித்தார்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நான் டிக்கியைத் திறந்தேன். உலகு அதை மூடினாள்.

"இனி மூட்டை மாதிரி நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, முன்கதவை அகலத் திறந்து, முதலில் உட்கார்ந்து, பிறகு காலை மெல்ல மடக்கி உள்ளே வைத்தாள். வலித்திருக்கும். காட்டிக்கொள்ளவில்லை. இந்த வண்டியின் முன்சீட்டில் அவள் உட்காருவது இதுதான் முதல் தடவை.

சாவியைத் திருப்பினேன். வண்டி வாயே திறக்கவில்லை. உலகு இடுப்புக்குப் பக்கத்தில் தடவிப் பார்த்தாள்.

"இது என்னது, கொக்கி?"

மார்ச் 21-இல் நான் செருகியது. அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வெளியே போட்டேன். உடனே வண்டி கத்த ஆரம்பித்தது, பக்கத்தில் ஆள் இருக்கிறது, பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று. உலகு பெல்ட்டை எடுத்தாள்.

"கொஞ்சம் பொறு" என்றேன். "கத்தட்டும்."

கி.மீ. 147.